தேயிலைப் பெட்டியில் வெந்த ஒரு வருஷம்

பழைய தேயிலைத் தூளும் வெந்த சம்பா அரிசியும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். நனைந்த சாக்கு வெயிலில் காய்கிற மாதிரித் தொடங்கி, மூக்கின் கடைசியில் கொஞ்சம் இனிப்பாக முடியும். என் பத்து வயதில் ஒரு முழு வருஷம், ஏறத்தாழ தினமும் நண்பகலில், எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் அந்த வாசனை எழும்பியது. அடுப்பிலிருந்து அல்ல, ஒரு மரப்பெட்டியிலிருந்து. அந்த நேரத்தில் அடுப்பு குளிர்ந்து போய், துடைத்து வைத்த பலகை மாதிரி இருக்கும்.

அந்த வருஷத்துக்கு எங்கள் வீட்டில் "கைமாத்து இல்லாத வருஷம்" என்று பெயர். பெயர் வைத்தவர் அப்பா. கேரளத்துத் தலைநகரின் சாலை பஜாரில் மிளகு, ஏலம், பட்டை மொத்தமாக விற்கும் ஒரு கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால், ஆரியசாலைப் பக்கத்தில், வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அம்மா ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். டிகிரி இருந்தது, பி.எட். இல்லை. பி.எட். இல்லாமல் ஒழுங்கான பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கக்கூட முடியாது. அப்போதெல்லாம் அது ஒரே வருஷப் படிப்பு. அம்மாவுக்கோ வேலைக்கான வயசு வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வருஷம் தள்ளிப் போட்டால் படித்தும் பிரயோஜனமில்லை. எனவே அப்பா போட்டிருந்த "சிட்டி"யை, அதாவது சீட்டை, ஏலத்தில் எடுத்து கல்லூரிக்குக் கட்டிவிட்டார்கள். அம்மாவின் நர்சரிச் சம்பளம் நின்றது. மிச்சமிருந்தது அப்பாவின் சம்பளமும் பன்னிரண்டு மாதமும்.

இதைக் கேள்விப்பட்டு திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். அப்பாவின் அண்ணன், டவுனில் அரிசிக்கடை வைத்திருந்தார், மனசு பெரியது, குரல் அதைவிடப் பெரியது. ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "எல, முடியலன்னா சொல்லு, எவ்வளவு வேணும்னாலும் தாரேன். ஆனா ஒண்ணு, ஏங்கிட்ட கை நீட்டிட்டா எல்லாரும் இங்க வந்திரணும். நீ கடையில ஒக்காரு. செண்பகத்துக்குப் படிப்பு எதுக்கு, இனிமே படிச்சு கலெக்டராவா ஆகப்போறா?"

செண்பகம் என்பது என் அம்மா. அவள் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. போனை வைத்த பிறகு அப்பாவிடம், "அவுக சொன்னது நல்லதுதான். இப்பம் தெளிவாயிட்டுல்லா. ஒரு ரூவா வாங்கினாலும் படிப்பு போச்சு" என்றாள். அன்றைக்கே தீர்மானம் ஆகிவிட்டது: யாரிடமும் கைமாத்து கிடையாது, பெரியப்பாவிடம் ஓசியில் ஒரு மிட்டாய்கூடக் கிடையாது.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து அந்த வருஷத்தைப் பங்கு போட்டோம். மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மாசக் கணக்குப் போட்டா பன்னெண்டு தடவை நம்மள நாமளே ஏமாத்திக்கலாம். வருஷக் கணக்குன்னா ஒரு தடவைதான் ஏமாத்த முடியும்." வருஷம் முழுக்க வேண்டிய புளி, வற்றல், மல்லி, துவரம்பருப்பு எல்லாம் அப்பாவின் கடைப் பழக்கத்தில் மொத்த விலைக்கு ஒரே நாளில் வந்து இறங்கின. கொட்டை நீக்கி உப்புப் போட்டு உருட்டிய புளி உருண்டைகள் பரணி ஜாடிகளுக்குள் போயின. தம்பி, அவனுக்கு ஆறு வயது, ஒரு வருஷத்துப் புளியை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவையும் தின்னாத்தான் அம்மா டீச்சர் ஆவாளா?" என்று கேட்டான்.

புளிக்கு வழி கிடைத்தது. கேஸுக்குத்தான் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஆறு சிலிண்டர், அதாவது ஒன்று இரண்டு மாதம் ஓடவேண்டும் என்று அப்பா சொன்னபோது அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு நாள் எங்கள் வீட்டில் எந்த சிலிண்டரும் ஓடியதில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு சேச்சி, தன் அம்மை வீட்டில் இருந்த "சூடாறாப்பெட்டி"யைப் பற்றிச் சொன்னார். கேரளத்தில் ஒரு காலத்தில் நிறைய வீடுகளில் இருந்த சாமான் அது. அரிசியைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, பானையோடு அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மிச்ச வேக்காட்டைச் சூடே பார்த்துக்கொள்ளும். தீ வேண்டாம், ஆள் வேண்டாம்.

எனக்கு அது மந்திரவாதம் மாதிரி இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் வெப்பம் கடத்தாப் பொருள் என்று படித்தபோதும் மந்திரவாதமாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. சூட்டுக்கு வெளியே போக வழி இல்லையென்றால் அது உள்ளேயே இருந்து வேலை செய்யும், அவ்வளவுதான் விஷயம். அப்பா கடைக் கிட்டங்கியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தேயிலைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். ஒட்டுப்பலகையில் செய்து, ஓரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது, எந்தக் காலத்திலோ பொன்முடி எஸ்டேட்டிலிருந்து இறங்கியது. யாரோ ஃபிரிட்ஜ் வாங்கித் தெருவில் எறிந்த தெர்மோகோலை நானும் தம்பியும் பொறுக்கி வந்தோம். அதை வெட்டி அடுக்கி, அம்மாவின் பழைய வாயில் புடவையில் பஞ்சு திணித்து மேல் மெத்தை செய்தோம். தெர்மோகோல் உருண்டைகள் ஒரு வாரம் எங்கள் தலைமுடியில் ஒட்டியிருந்தன.

முதல் சமையல் படுதோல்வி. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், வெள்ளையாக, மல்லிகை மொட்டு மாதிரிச் சோறு விழவேண்டும் எங்களுக்கு. அம்மா அந்த வெள்ளை அரிசியைத்தான் பெட்டியில் வைத்தாள். அது போதாதென்று தம்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் இரண்டு முறை மூடியைத் தூக்கியிருக்கிறான். மத்தியானம் திறந்தால் சுவரொட்டி ஒட்டுகிற பசை. அதைத்தான் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஆளுக்கு இரண்டு வேளை குடித்தோம். கொட்டுவது என்ற பேச்சே அந்த வருஷத்தில் கிடையாது. சேச்சி எட்டிப் பார்த்து, "ஐயோ, இதுக்குச் சம்பா அரிதான் சரிப்படும். தடியன் அரி. அவன் பதுக்க, மெதுவாத்தான் வேவான்" என்றார். மறுநாளே நாங்கள் சிவப்புச் சம்பாவுக்கு மாறினோம். விலையும் குறைவு, ஒரு கவளத்துக்கே வயிறும் நிறைகிறது. பெட்டிக்குள் அது ஒன்றோடொன்று ஒட்டாமல், தடித்தடியாக, பொறுமையாக வெந்து நின்றது.

நாக்கு மட்டும் மாறவில்லை. வெள்ளைச் சோற்றை நினைத்து நானும் தம்பியும் ஏங்கியதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் தம்பி அந்தப் பசைக்குப் பிறகு பெட்டியின் காவல்காரன் ஆகிவிட்டான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் திறக்கக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மூடி சரியாக அமரட்டும் என்று அவனே அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அம்மா காலையில் சோற்றைப் பெட்டியில் வைத்துவிட்டு கிழக்கேகோட்டைக்கு நடந்து பஸ் பிடிப்பாள். பழவங்காடிப் பிள்ளையார் வழியில்தான். அங்கே எல்லாரும் தேங்காய் அடிப்பார்கள். அம்மா வெறுங்கையோடு கும்பிட்டு, "பாஸானப் பொறவு அடிக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவாள். அப்பா கேட்டார்: "அப்பம் பிள்ளையார்ட்ட மட்டும் கடன் வைக்கலாமோ?" அம்மா, "அவரு நம்மள ஊருக்கு வந்திருன்னு கூப்பிட மாட்டாருல்லா" என்றாள்.

இப்படியே ஜூன் போய், ஓணம் போய், தீபாவளி போய், மார்ச் வந்துவிட்டது. ஐந்தாவது சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆறாவது சீல் உடைக்காமல் மூலையில் நின்றது. ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குச் செயல்முறைத் தேர்வு: வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, அவள் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். சார்ட்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் செருப்பை மாட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தம்பானூரில் ரயிலிறங்கிப் பெரியப்பா வந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு அரிசி மூட்டை இறங்கியது.

"வாங்க அத்தான்" என்றாள் அம்மா. மூட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இது எதுக்கு?"

"நம்ம கடை அரிசி. பிள்ளைகள் செவப்பரிசி தின்னு கருத்துப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"பிரிக்காண்டாம் அத்தான். அப்பிடியே இருக்கட்டும். வந்து பேசிக்கிடுவோம். சோறு பன்னெண்டு மணிக்குத் தயாராயிரும்." என்னைப் பார்த்து, "பன்னெண்டு மணி" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

பெரியப்பா முகம் கழுவிவிட்டு சமையலறைக்குப் போனார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் அவர் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"ஏட்டி, ஒங்கம்மா ஒண்ணும் பொங்கலியா?"

"பொங்கியாச்சு பெரியப்பா. பெட்டியில வேகுது."

"பெட்டியில என்னட்டி வேகும்? பெட்டியில எலிதான் குட்டி போடும்."

நான் உற்சாகமாக அவருக்கு வெப்பம், தெர்மோகோல், ஈயத்தாள் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே மூட்டையின் தையலைப் பிரித்துவிட்டார். எங்கள் நாழியாலேயே இரண்டு நாழி அளந்தார், களைந்தார், உள்ளதிலேயே பெரிய பானையில் தளும்பத் தண்ணீர் வைத்து அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய தீயை நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. வெள்ளை அரிசி கொதிக்கிற வாசனை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விளக்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

தம்பி போய் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எல, எறங்கு. ஒனக்கு வெள்ளைச்சோறு போடுதேன்."

தம்பி எச்சிலை விழுங்கினான். "பன்னெண்டு மணி ஆகல" என்றான்.

அரிசி பாதி வெந்திருக்கும். தீ ஒருமுறை மஞ்சளாகி, நீலமாகி, 'புஸ்' என்று போய்விட்டது. பெரியப்பா திருகைத் திருகிப் பார்த்தார், தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற சிலிண்டரைக் கண்டார். "அதான் முழுசா ஒண்ணு நிக்கே. அத மாட்டு."

"அது ஏப்ரல் மாசத்துது, பெரியப்பா" என்றேன்.

"ஏப்ரல் மாசத்துதா?"

"ஆமா. ஏப்ரலும் மேயும். இப்பம் தொடக்கூடாது."

அவருக்கு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாது என்பது எங்கள் அதிர்ஷ்டம். கல்லாவும் மூட்டையும்தான் தெரியும். சமையலறை நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பானையில் வெள்ளை அரிசி தன் சூட்டிலேயே ஊறி, மெல்ல மெல்லக் குழைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்ச்சில் இன்னும் பெரும்பாதி கிடக்கிறது. ஐந்தாவது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கேஸ் இல்லையென்றால் கைமாத்து, கைமாத்து என்றால் திருநெல்வேலி, திருநெல்வேலி என்றால் அம்மா அங்கே சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் வீண். பத்து வயதில் இவ்வளவும் ஒரே மூச்சில் எனக்குப் புரிந்தது.

அப்பா சாப்பிட வந்தபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. தம்பி கீழே இறங்கினான். அப்பா மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்து ஓட்டுக் கூரை வரை போயிற்று. உள்ளே சிவப்புச் சோறு, அதன்மேல் சின்னத் தூக்கில் புளிக்குழம்பு, இரண்டும் கையை வைக்க முடியாத சூட்டில். பெரியப்பா பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார், உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சுட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா மூன்று மணிக்கு வந்தாள், களைத்து, சந்தோஷமாக. "பிள்ளைகள் நல்லாப் பதில் சொல்லிட்டு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், பிரிந்த மூட்டையைக் கண்டாள், பிறகு பானையை, பிறகு அடுப்பை. நடந்ததை நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். அவள் சிலிண்டரை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்தார். "இந்தா, சிலிண்டருக்கு வச்சிக்கோ. இது கடன் இல்லம்மா. நான் தீத்தேன், நான் தண்டம் குடுக்கேன்."

நியாயமான பேச்சுதான். அப்பாவின் கண்ணில்கூட ஒரு ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அம்மா தண்ணீர் குடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தப்பு செஞ்சாத்தான் அத்தான் தண்டம். பசிச்ச பிள்ளைகளுக்குச் சோறு பொங்கினது தப்பில்ல. இன்னைக்கு சிலிண்டருக்குன்னு வாங்குவேன். அடுத்த மாசம் வாடகைக்குன்னு மனசு கேக்கும். இன்னும் ரெண்டரை மாசந்தான். விட்டிருங்க."

பிறகு ஒரு துணிப்பையை எடுத்தாள். எங்கள் தகர டப்பாவிலிருந்து சிவப்பரிசியை இரண்டு நாழி, தலைதட்டி, நிதானமாக அளந்து போட்டாள். பையின் வாயைக் கட்டி, மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒங்க அரிசி ரெண்டு நாழி பானையில ஏறிட்டு. இது அதுக்கு. மூட்டையவும் கையோட எடுத்திட்டுப் போயிருங்க."

"அரிசிக்கடைக்காரனுக்கு நீ அரிசி குடுக்கியா?"

"ஆமா. ஒங்க கடையில இது இருக்காதுல்லா."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "எல, ஒம் பொண்டாட்டி பரீட்சையில என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. இதுல பாஸ்" என்றார். அம்மா, அத்தனை களைப்பிலும், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்று இரவு அவருடைய வெள்ளைப் பசையை மோர் விட்டு, மாங்காய் ஊறுகாயோடு ஐந்து பேரும் குடித்தோம். அவரும் குடித்தார். மறுநாள் காலை மூட்டையும் பையுமாக அவர் தம்பானூருக்கு ஆட்டோ ஏறியதைத் தெருவே பார்த்தது.

ஆறாவது சிலிண்டரைத் திங்கட்கிழமையே மாட்டவேண்டி வந்தது. ஏப்ரலுக்கும் மேக்கும் என்று வைத்ததில் மார்ச்சும் வந்து பங்கு கேட்டது. இட்லி, தோசை இரண்டும் வீட்டைவிட்டுப் போயின. காபி ஒரு நேரமாயிற்று. போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, மிச்சத்தை மாலைக்கு வைத்தோம். பருப்பு, கிழங்கு, கடலை எதுவானாலும் ஒரு கொதி, பிறகு பெட்டி. அம்மா எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு கையால் பானையை இறக்குவாள். நடுவில் சேச்சி, "எங்க அடுப்புல வெச்சோ, சாரமில்லா, பரவாயில்ல" என்று கூப்பிட்டார். அம்மா போனாள், சமைத்தாள், பதிலுக்கு சேச்சியின் மகளுக்கு பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். மே மாதக் கடைசி நாள் மாலையில் அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். சின்னதாக, நீலமாக, தீ வந்தது. நாங்கள் அதில் ஒன்றும் சமைக்கவில்லை. நாலு பேரும் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டோம்.

அம்மா தேறினாள். பழவங்காடியில் தேங்காய் அடித்தாள். சில்லுகள் சிதறியதில் ஒன்று அப்பாவின் நெற்றியில் பட்டது, வட்டி என்றார் அப்பா. ஒரு தமிழ்வழிப் பள்ளியில் வேலை கிடைக்க மேலும் கொஞ்ச காலம் ஆயிற்று, ஆனால் கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். பெரியப்பா அந்த மார்ச் முடிவதற்குள்ளேயே ஒரு நாள் போன் செய்து, வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்: "ஏட்டி, நீங்க தந்த செவப்பரிசி இங்க வேகவே மாட்டேங்குதே. பாதி சிலிண்டர் போச்சுன்னு ஒம் பெரியம்மை ஏசுதா. அந்த எலிப்பெட்டிக்குத் தெர்மோகோல் எத்தன இஞ்ச்?"

இப்போது அந்தப் பெட்டி இல்லை. வீடு மாறியபோது அடிப்பலகை செல்லரித்துக் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டு வீட்டு வரிசையே இல்லை. அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். நான் புறநகர்க் கழக்கூட்டத்தில் ஒரு கணினி அலுவலகத்தில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே யாரும் எதற்கும் பன்னிரண்டு மணி வரை காத்திருப்பதில்லை. பசி வருவதற்குள் வாசலில் பொட்டலம் வந்துவிடும். சென்ற மாதம் அந்த வேலையை விட்டுவிட்டேன். பௌதிகம் மேலே படிக்க வேண்டும், அதற்கு நுழைவுத்தேர்வு எழுதவேண்டும், அதற்கு ஒரு வருஷம் வேண்டும். சேமிப்பைத் தரையில் பரப்பி வைத்துப் பங்கு போட்டேன். மாதக் கணக்காக அல்ல, வருஷக் கணக்காக. அம்மா பணம் அனுப்பட்டுமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, சரி" என்று அவளே சிரித்துவிட்டாள்.

தேயிலைப் பெட்டி தேடிச் சாலை முழுக்க அலைந்தேன். "இப்போ ஒக்கெ பேப்பர் சாக்கல்லே மோளே" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார், தேயிலை இப்போது காகிதச் சாக்கில்தான் வருகிறதாம். கடைசியில் ஒரு கனமான அட்டைப்பெட்டியும், மேல்மாடிக்காரர் புது டிவி வாங்கி எறிந்த தெர்மோகோலும் கிடைத்தன. எல்லாம் சரியாக அமைந்தது, மூடியைத் தவிர. அது லேசாகத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே உட்கார ஆளில்லை. தம்பி பெங்களூரில் இருக்கிறான். போனில் கேட்டதற்கு, "ஏதாவது கனமா வை. ஆனா பன்னெண்டு மணிக்கு முன்னாடி எடுக்காத" என்றான்.

போன வாரம் நான் வேலையை விட்ட செய்தி திருநெல்வேலிக்குப் போயிருக்கிறது. நேற்று லாரி ஆபீஸிலிருந்து ஒரு மூட்டை வந்தது. வெள்ளை அரிசி. நான் தையலைப் பிரிக்கவில்லை. பெட்டியின் மூடிமேல் தூக்கி வைத்தேன். அச்சாக அமர்ந்துகொண்டது.